திரை இருண்டால் திருப்புளியை எடுக்காதீர்கள்!

"எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பையன்தானே நீ, வந்து கொஞ்சம் பாரேன்!" என்று கூப்பிடாத பக்கத்து வீடு உண்டா, நண்பர்களே? டிப்ளமோ முதலாண்டில் சேர்ந்து அடையாள அட்டை கழுத்தில் ஏறிய அன்றே நாம் தெருவுக்கெல்லாம் மெக்கானிக் ஆகிவிடுகிறோம். ஓம் விதியையே தாண்டாத நேரத்தில் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், காலிங் பெல் எல்லாம் நம் தலையில் வந்து விழும். அதிலும் அதிகம் வருவது "டிவி வரலை" என்ற புகார்தான். போய்ப் பார்த்தால் டிவி நன்றாகத்தான் இருக்கும். அதன் கீழே தூசி படிந்து உட்கார்ந்திருக்கும் செட்-டாப் பாக்ஸைக் காட்டி, "இதுதான் போச்சு" என்பார்கள். நம் ஆட்கள் பலர் உடனே திருப்புளியை எடுத்து நாலு ஸ்க்ரூவையும் கழற்றிவிடுவார்கள். உள்ளே இருக்கும் பச்சைப் பலகையைப் பார்த்த பிறகுதான், எங்கே கை வைப்பது என்ற யோசனையே வரும்.

பெட்டியைத் திறப்பது கடைசி வேலை. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. கல்லூரி முடிந்து மாலை நேரத்தில் மயிலாப்பூரில் ஒரு சர்வீஸ் கடையில் கூடமாட வேலை செய்கிறேன். மந்தைவெளி, தி.நகர், அடையாறு என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில், பெட்டியைத் திறந்து வேலை பார்த்த வீடுகளைவிடத் திறக்காமலே சரிசெய்துவிட்டுத் திரும்பிய வீடுகள்தான் அதிகம்.

நம்ம சென்னைக்கு இந்தப் பெட்டி புதுசு இல்லை. கட்டணச் சேனல்களைப் பெட்டி வழியாகத்தான் பார்க்கலாம் என்ற 'கேஸ்' முறை 2003 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மற்ற பெருநகரங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் மாதக் கட்டணமில்லாத டி.டி.எச். வந்தது; இன்று அதன் பெயர் டிடி ஃப்ரீ டிஷ். தனியார் டிஷ்களும் மொட்டை மாடிகளில் முளைத்தன. நான்கு பெருநகரங்களிலும் கேபிள் முழுக்க டிஜிட்டலாக வேண்டும் என்று 2012 அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்தார்கள். சென்னையில் அது வழக்கு, வாய்தா என்று இழுத்துக்கொண்டே போனது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017-ல் டிஜிட்டல் உரிமம் பெற்று, அந்த ஆண்டே இலவசமாகப் பெட்டி கொடுக்கத் தொடங்கியது. ஆக, ஒரே அபார்ட்மென்டில் நாலு வீட்டில் நாலு விதப் பெட்டி இருக்கும். மாடலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உள்ளே ஓடுகிற கதை ஒன்றுதான்.

அந்தக் கதையைப் பழைய காலத்தோடு ஒப்பிட்டால் சுலபமாகப் புரியும். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பிறகு, பல வருடங்களுக்கு மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்புவது ஒரு குடும்பத் தொழிலாகவே இருந்தது. மேலே ஒருவர், மாடிப்படியில் ஒருவர், கீழே ஒருவர். "இப்ப வருதா?" "இல்லை, இன்னும் கொஞ்சம் திருப்பு!" அனலாக் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் ஊரும், நிழல் விழும், ஆனாலும் படம் தெரியும். நோயின் அளவு முகத்திலேயே தெரிந்துவிடும். டிஜிட்டல் அப்படி இல்லை. வரும் பிட்டுகளில் கொஞ்சம் கெட்டுப்போனாலும் பெட்டி தானே திருத்திக்கொள்ளும். திருத்தும் சக்தி இருக்கிறவரை படம் பளிங்கு மாதிரி இருக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, அடுத்த நொடி இருட்டு. "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்ததே, திடீர்னு எப்படிப் போகும்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். திடீரென்று போகவில்லை. மாதக்கணக்கில் துருப்பிடித்துக்கொண்டிருந்த ஒரு கனெக்டர் நேற்று ராத்திரிதான் எல்லையைத் தாண்டியது.

ஆகவே முதலில் கேள்வி கேளுங்கள். நாடி பிடிப்பதற்கு முன்னால் நல்ல வைத்தியர் நாலு கேள்வி கேட்பதில்லையா? எப்போதிலிருந்து வரவில்லை? அன்று மழையா, இடியா? வீட்டில் வெள்ளையடித்தார்களா, சோஃபாவை நகர்த்தினார்களா? பக்கத்து வீட்டில் வருகிறதா? கடைசிக் கேள்விக்கு "அங்கேயும் இல்லை" என்று பதில் வந்தால் கேபிள் ஆபரேட்டருக்கு ஒரு போன், அதோடு வேலை முடிந்தது.

அடுத்து, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். படிக்காமலே பெட்டியைத் தட்டிப் பார்க்கிறவர்கள் ஏராளம்! கட்டணச் சேனல்கள் மட்டும் இல்லை, இலவசச் சேனல்கள் வருகின்றன என்றால் பெட்டியும் நலம், கேபிளும் நலம். பணம் கட்டியது முடிந்திருக்கும். "ரீசார்ஜ் பண்ணியாச்சே!" என்பார்கள். பண்ணியிருப்பார்கள், ஆனால் 'இந்தப் பெட்டிக்கு அனுமதி' என்ற செய்தி சிக்னல் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். அது வந்த நேரத்தில் பெட்டி சுவிட்ச் போர்டிலேயே அணைந்திருந்தால்? மறுபடி அனுப்பச் சொல்லிவிட்டு, பெட்டியைக் கொஞ்ச நேரம் ஆனிலேயே விட்டுவைத்தால் போதும். கார்டு போடுகிற பெட்டியானால் கார்டை எடுத்து மெல்லிய துணியால் துடைத்துப் போடுங்கள்.

தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு வீட்டில் தனியாக இருக்கும் ஒரு மாமி, "பாக்ஸ் போயிடுத்துப்பா. யாரோ வந்து பார்த்துட்டு, புதுசு வாங்கணும்னு சொல்லிட்டான்" என்றார். பெட்டியில் பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' பட்டனை அழுத்தி ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றினேன், படம் வந்தது. பென்ஷன் பணத்தில் புதுப் பெட்டி வாங்கத் தயாராக இருந்தவர் அவர். அந்த 'யாரோ'வை நான் அதிகம் திட்ட மாட்டேன். ஒரு நாளில் பல வீடு ஏறி இறங்குகிறவனுக்குப் பெட்டியை மாற்றுவதுதான் சீக்கிரம் முடிகிற வேலை. நமக்கு அந்த அவசரம் இல்லை. ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்கவும் ஒரு எளிய வழி உண்டு: செல்போன் கேமராவுக்கு நேராக ரிமோட்டின் மூக்கைக் காட்டி பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெளிர் ஊதாவாக மின்னும். சில போன்களின் பின் கேமரா அதை வடிகட்டிவிடும். செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

இதற்கெல்லாம் மசியவில்லை என்றால்தான் உண்மையான துப்பறியும் வேலை ஆரம்பம். வெளியே இருந்து சிக்னல் கொண்டுவரும் கேபிள், நடுவில் பெட்டி, அப்புறம் டிவிக்குப் போகும் ஒயர், டிவி, இதற்கெல்லாம் கரண்ட். இவற்றில் எது குற்றவாளி? பட்டறையில் விலையுயர்ந்த மீட்டர் இருந்தால் அளக்கலாம். நம்மிடம் இருப்பது பக்கத்து வீடுதான். பெட்டியைக் கழற்றிக்கொண்டு, அதே ஆபரேட்டரின் இணைப்பு உள்ள எதிர் வீட்டுக்குப் போய் அங்கே மாட்டுங்கள். ஓடினால் பெட்டி நிரபராதி. ஓடவில்லை என்றால் எதிர் வீட்டுப் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்து இங்கே மாட்டிப் பாருங்கள். அது இங்கே ஓடினால் கேபிளும் டிவியும் நிரபராதி. இரண்டே நடையில் விஷயம் பாதிக்கு மேல் தெரிந்துவிடும். லேபில் 'சிக்னல் ட்ரேஸிங்' என்று நாம் நோட்டில் எழுதிக்கொண்டது வேறென்ன?

பெரும்பாலும் கேபிள்தான் மாட்டும். கேபிள் முனையில் இருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நடுக் கம்பி பளபளப்பாக, கனெக்டர் விளிம்பைவிடச் சற்று நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வெளி வலையின் ஒரே ஒரு முடியிழை நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும், எல்லாம் அவுட். அடையாறு, பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் இன்னொரு எதிரி உப்புக் காற்று. மாடியில் திறந்து கிடக்கும் கனெக்டருக்குள் பச்சைப் பாசி பிடித்தாற்போல் இருக்கும். அதைச் சுரண்டாதீர்கள். இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, நல்ல கேபிள் தெரியும் இடத்தில் புதுக் கனெக்டர் போடுங்கள். வெட்டிய இடத்திலும் வலை கறுத்திருந்தால் தண்ணீர் உள்ளே ஓடியிருக்கிறது. முழு நீளத்தையும் மாற்ற வேண்டியதுதான். கேபிளைச் சோதிக்க இரு முனையையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை கன்டினியுட்டியில் வையுங்கள். நடுக் கம்பிக்கும் வலைக்கும் இடையே 'பீப்' வரக் கூடாது. மறுமுனையில் இரண்டையும் ஒரு கிளிப்பால் சேர்த்தால் 'பீப்' வர வேண்டும். முடிந்தது சோதனை.

தி.நகரில் ஒரு ஃபிளாட்டில் பெட்டியின் மெனுவில் 'ஸ்ட்ரெங்த்' நன்றாகக் காட்டியது, 'குவாலிட்டி' மட்டும் தள்ளாடியது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்ட்ரெங்த் என்பது கடைத்தெருச் சத்தம். குவாலிட்டி என்பது அந்தச் சத்தத்தில் நம்மைக் கூப்பிடுகிற குரல் எவ்வளவு தெளிவு என்பது. ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டத்தில் சத்தத்துக்கா பஞ்சம்? அந்த ஃபிளாட்டில் டிவிக்குப் பின்னால் ஒரு நாலு வழி ஸ்ப்ளிட்டர் தொங்கியது. ஒரு வழியில்தான் டிவி; மூன்று வழி சும்மா திறந்து கிடந்தது. இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் சுமார் மூன்றரை டெசிபல் தின்னும், நாலு வழி சுமார் ஏழு. திறந்து கிடக்கும் வாய்களில் பட்டுத் திரும்பும் சிக்னல் வேறு. ஸ்ப்ளிட்டரையே எடுத்துவிட்டு நேராக இணைத்ததும் சரியாகிவிட்டது. செலவு சைபர்.

டி.டி.எச். என்றால் மாடி ஏற வேண்டும். 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்துதான் டிடி ஃப்ரீ டிஷ் வருகிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், தரையிலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட உச்சி வானம். நம் டிஷ்கள் ஆஃப்செட் வகை என்பதால் தட்டு அவ்வளவு மல்லாந்து தெரியாது. "எதிரே புது பில்டிங் வந்துடுச்சு, அதான் சிக்னல் இல்லை" என்று ஒருவர் சொன்னால் உடனே நம்பாதீர்கள். டான் 68 என்பது ஏறக்குறைய இரண்டரை. பத்தடி தள்ளி இருக்கும் சுவர் டிஷ்ஷின் மட்டத்துக்கு மேல் 25 அடி எழும்பினால்தான் மறைக்கும். முதலாண்டு கணக்குப் பாடம் மொட்டை மாடியில் சோறு போடுகிறது பாருங்கள்! மரக் கிளை தலைக்கு மேலேயே கவிந்திருந்தால் அது வேறு விஷயம்.

டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்.என்.பி.தான் முதல் ஆம்ப்ளிஃபயர். உதாரணத்துக்கு, 11,090 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னலிலிருந்து தன் 9,750-ஐக் கழித்து 1,340 மெகாஹெர்ட்ஸாக்கிக் கீழே அனுப்பும். கேபிளில் அவ்வளவு உயர் அலைவரிசை தாக்குப்பிடிக்காது என்பதால் இந்த ஏற்பாடு. அதற்கு வேண்டிய கரண்டும் பெட்டியிலிருந்து அதே கேபிளில்தான் மேலே போகிறது: ஒரு துருவ அலைக்கு 13 வோல்ட், இன்னொன்றுக்கு 18. ஒரு வகைச் சேனல்கள் மட்டும் கூட்டமாகக் காணாமல் போனால் இந்த வோல்டேஜை அளந்து பாருங்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்த பிறகு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடியவர்கள் பலர். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, டிஷ்தான் ஓரிரு டிகிரி திரும்பியிருந்தது என்று எங்கள் கடைக்கார அண்ணன் சொல்வார். அதே போல மார்ச் மத்தியிலும், செப்டம்பர் கடைசி வாக்கிலும் சில நாட்கள் நண்பகலுக்குச் சற்று முன்னால் சில நிமிடம் படம் போய்த் திரும்பி வரும். அப்போது சூரியன் நேராகச் செயற்கைக்கோளின் முதுகுக்குப் பின்னால் வருகிறது. அதற்கு எந்த மெக்கானிக்கும் தேவையில்லை.

சரி, எதிர் வீட்டிலும் பெட்டி ஓடவில்லை. விளக்கே எரியவில்லை, அல்லது எரிந்து எரிந்து அணைகிறது. இப்போது பவர் சப்ளையைப் பார்ப்போம். வெளியே அடாப்டர் வைத்த பெட்டி என்றால் பிழைத்தோம். அதே வோல்டேஜ், அதே அல்லது அதிக ஆம்பியர், அதே துருவம் உள்ள வேறொரு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது என்று பழையதை நம்பாதீர்கள். சுமை இல்லாதபோது எல்லா அடாப்டரும் யோக்கியன்தான்.

சப்ளை உள்ளேயே இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். முதலில், அந்தப் பெட்டி யாருடையது? ஆபரேட்டரின் சொத்தாக இருக்கலாம், வாரன்டி சீல் இருக்கலாம். அப்படியானால் சீலைக் கிழிக்காமல் மாற்றித் தரச் சொல்வதுதான் வீட்டுக்காரருக்கு லாபம். இரண்டாவது, உயிர் விஷயம். 230 வோல்ட் ஏசி டயோடு பிரிட்ஜைத் தாண்டி, அங்கே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசியாக உட்கார்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உட்கார்ந்திருக்கும்! சிலர் வீரமாக ஸ்க்ரூடிரைவரால் 'டப்'பென்று ஷார்ட் செய்வார்கள். பலகையும் கெடும், கண்ணில் பொறியும் தெறிக்கும். பத்து கிலோ ஓம், ஐந்து வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேட் செய்த பிடியில் கட்டி, சில விநாடி தொட்டுப் பிடித்து, மீட்டரில் அளந்த பிறகே கை வையுங்கள். முதல் இரண்டு மூன்று பெட்டியைத் தனியாகத் திறக்காதீர்கள். லேபில், சார் பக்கத்தில் இருக்கும்போது திறங்கள். வீட்டில் அம்மா சமையல்கட்டில் இருக்கும்போது மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை அல்ல இது.

திறந்ததும் முகர்ந்து பாருங்கள், அப்புறம் கண்ணால் பாருங்கள். பாடப்புத்தகம் 'மின்தேக்கி' என்கிறது, பழைய மெக்கானிக்குகள் 'கண்டென்சர்' என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அதன் உச்சி தட்டையாக இருக்க வேண்டும். இட்லி மாதிரி உப்பியிருந்தால் அதன் ஆயுசு முடிந்தது. பெட்டிக்கு மேல் பூப்போட்ட துணி விரித்து, அதன் மேல் இன்னொரு பெட்டியை அடுக்கி, மே மாத வெயிலில் மூச்சுத் திணற வைத்தால் அது என்ன செய்யும்? உள்ளே இருக்கும் திரவம் காய்கிறது. காலையில் நாலைந்து முறை ஆன் செய்தால்தான் உயிர் வரும், வந்த பிறகு நாள் முழுக்க ஓடும் என்ற புகாருக்கு அநேகமாக இதுதான் காரணம். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதிக வோல்ட், 105 டிகிரி என்று அச்சிட்டது, பலகையில் போட்ட குறிப்படி பிளஸ் மைனஸ். இவ்வளவுதான். ட்யூனரின் தகரக் கூட்டில் மீட்டரின் கறுப்பு முனையை வைத்து, சப்ளை வெளியே வரும் இடத்தில் அளந்தால், பலகையிலேயே 12, 5, 3.3 என்று எழுதியிருப்பதோடு ஒப்பிடலாம். ஐந்து வர வேண்டிய இடத்தில் நாலே சொச்சம் வந்து ஆடினால் சந்தேகம் உறுதி.

ஃபியூஸ் போயிருந்தால் அது நோய் அல்ல, நோயின் அடையாளம். அதில் ஒரு கம்பியைச் சுற்றிவிட்டு "இனிமே போகாது" என்று சிரிப்பவர்களிடம் சகவாசம் வேண்டாம். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மெயின்ஸோடு தொடராக இணைத்த சீரிஸ் லாம்ப் வழியாகப் பெட்டியை ஆன் செய்யுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே பிரிட்ஜ் டயோடோ ஸ்விட்சிங் ஐ.சி.யோ ஷார்ட். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

இன்னொன்று. பெட்டியின் பின்பக்கக் கனெக்டரைத் தொட்டால் 'சுருக்'கென்கிறது என்பார்கள். எர்த் இல்லாத இரண்டு பின் பிளக், உள்ளே மெயின்ஸ் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கெப்பாசிட்டர்; அதன் வழியே கசியும் மிகச் சிறு கரண்ட் அது. ஆனால் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும், வெளியிலிருந்து வரும் கேபிளின் மேல் டெஸ்டர் எரிகிறதா? அது விளையாட்டு இல்லை. கேபிள் எங்கோ மின்கம்பத்தில் உரசிக்கொண்டிருக்கலாம், வேறு வீட்டுப் பெட்டியில் கசிவு இருக்கலாம். மழைக்காலத்தில் ஈரச் சுவரோடு நின்று அதைத் தொடவே தொடாதீர்கள். வீட்டில் உள்ளவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஆபரேட்டரை வரவழையுங்கள். அவர் வரும்வரை படம் பற்றிப் பேச வேண்டாம்.

இடி விழுந்து ட்யூனர் போனது, மெயின் சிப்பின் கீழே சோல்டர் விட்டது, சாஃப்ட்வேர் பாதியில் நின்று லோகோவிலேயே உறைந்தது - இவை நம் மட்டத்து வேலை இல்லை. "இது என்னால ஆகாதுங்க" என்று சொல்லத் தெரிவதும் தொழில்தான். வெள்ள நீரில் மூழ்கிய பெட்டி வேறு ரகம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைத் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். அப்படி நனைந்ததை "ஓடுதா பார்ப்போம்" என்று பிளக்கில் செருகினால்தான் சாகிறது. சேற்றை நல்ல தண்ணீரில் அலசி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நாலு நாள் காயவைத்து, அப்புறம் சீரிஸ் லாம்ப்.

இதற்கு வேண்டியவை கொஞ்சம்தான்: சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 25 வாட் சோல்டரிங் அயர்ன், ஈயம், ஆர்ஜி-6 கேபிள் சில மீட்டர், பத்து எஃப் கனெக்டர், கட்டர், கெப்பாசிட்டர் ஒரு பிடி. எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். தரமணியிலிருந்தோ திருமயிலையிலிருந்தோ பறக்கும் ரயிலில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் நடக்கிற தூரம். முதல் கடையிலேயே வாங்காதீர்கள், நாலு கடை விசாரியுங்கள்; பழைய கெப்பாசிட்டரைக் கையோடு எடுத்துப் போனால் பேச்சு மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.